வாரத்துக்கு ஒரு மணி நேரம்: மழலைப் பருவ வளர்ச்சிக்கான உலக வழிகாட்டுதல்கள்

2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை குழந்தைகளின் அறிவும் மொழியும் மனமும் நன்றாக வளர நாடுகள் என்ன செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். மார்ச் 11 அன்று அதே நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அங்கன்வாடிகளும் பாலர் பள்ளிகளும் மூடப்பட்டன, வீட்டுக்கு வந்துபோகும் சுகாதாரப் பணியாளர்கள் நோய்த் தடுப்புப் பணிக்கு மாற்றப்பட்டார்கள். அந்த வழிகாட்டுதலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்காமலே போயிற்று.

அதில் பரிந்துரைகள் நான்கே நான்கு. குழந்தையின் அழுகை, பார்வை, சிரிப்பு, கைநீட்டல் ஆகியவற்றைக் கவனித்து உடனுக்குடன் தகுந்த பதில் தரும் பராமரிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும், அதைத் தருவதற்குப் பெற்றோருக்கும் மற்றப் பராமரிப்பாளர்களுக்கும் உதவி வேண்டும் என்பது முதலாவது. பேச்சு, விளையாட்டு, பாட்டு, கதை வழியான தொடக்கக் கற்றல் வீட்டிலேயே நடக்க வேண்டும், அதற்கும் உதவி வேண்டும் என்பது இரண்டாவது. ஊட்டச்சத்துத் திட்டங்களோடு இவ்விரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும் என்கிறது மூன்றாவது. தாயின் மனநலத்துக்கான உளவியல், சமூக ஆதரவு குழந்தை நலச் சேவைகளின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது நான்காவது.

இந்த நான்கையும் ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். இவை தாய்மார்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் அல்ல. அரசுகளுக்கும் சுகாதாரத் துறைகளுக்கும் சொல்லப்பட்டவை. 'உதவி வேண்டும்' என்ற பகுதியில்தான் இந்த வழிகாட்டுதலின் உயிர் இருக்கிறது. ஜெனீவாவில் எழுதப்பட்ட ஆவணம் தலைநகரங்கள், மாவட்ட அலுவலகங்கள், பயிற்சி வகுப்புகள் எல்லாம் கடந்து துண்டறிக்கையாக ஒரு வீட்டை அடையும்போது அந்தப் பகுதி உதிர்ந்துபோகிறது. 'குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள், கைபேசி கொடுக்காதீர்கள்' என்பது மட்டும் மிஞ்சுகிறது. எழுபது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் இது பலமுறை நடந்திருப்பது தெரியும்.

தொடக்கம் 1951. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் மனநலம் குறித்து எழுதித் தரும்படி பிரிட்டிஷ் உளவியல் மருத்துவர் ஜான் பௌல்பியை உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. அவர் தந்த அறிக்கை, தாயின் இடையறாத அன்பு கிடைக்காத குழந்தைக்கு ஆழமான பாதிப்பு ஏற்படும் என்றது. அனாதை இல்லங்களும் குழந்தைகளுக்கான மருத்துவமனை வார்டுகளும் மாற அது பெரிதும் உதவியது. வேலைக்குப் போகும் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் அதே அறிக்கை பல காலம் பயன்பட்டது. பெற்றோர் தங்கள் பங்கிற்குச் சமூகத்தைச் சார்ந்திருக்கிறார்கள், குறிப்பாகப் பொருளாதார வகையில், என்று பௌல்பி அதிலேயே எழுதியிருந்தார். அந்தப் பகுதியை எடுத்துப் பேசியவர்கள் குறைவு.

அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகின் கவலை வேறாக இருந்தது. குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் செத்துக்கொண்டிருந்தபோது முதலில் உயிரைக் காப்பது என்றாகிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. 1981இல் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை முறைகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு விதித்தொகுப்பு வந்தது. 1982இல் யுனிசெஃப் எடை பார்த்தல், உப்பு-சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி ஆகியவற்றை முன்னிறுத்தி இயக்கம் தொடங்கியது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, அதன் ஆறாவது பிரிவில், உயிர் வாழ்வதையும் வளர்ச்சியையும் ஒரே மூச்சில் உரிமையாக வைத்தது. ஆனாலும் எடைத் தராசில் தெரியும் வளர்ச்சிக்குக் கிடைத்த இடம் மற்ற வளர்ச்சிக்குக் கிடைக்கவில்லை.

அதை மாற்றியது ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வு. இன்றைய வழிகாட்டுதல்களின் அடித்தளம் அதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்கிரெகர் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்தது. எல்லோரும் 9 முதல் 24 மாதம் வரை வயதுள்ளவர்கள். அவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து தாயோடும் குழந்தையோடும் சேர்ந்து விளையாடும் பணியாளர். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது.

வீடுகளுக்குப் போனவர்கள் மருத்துவரோ உளவியலாளரோ இல்லை, உள்ளூர் சமூக சுகாதார உதவியாளர்கள். கையில் எடுத்துப்போனவை காலி பிளாஸ்டிக் பாட்டில் போன்ற வீணான பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்கள். இந்த வாரம் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தருவார்கள். பணியாளர் குழந்தையோடு விளையாடிக் காட்டிவிட்டுப் போவது நோக்கமில்லை. தாய்க்குத் தன் பிள்ளையோடு விளையாடும் வழக்கமும் நம்பிக்கையும் வர வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டு ஆண்டு முடிவில் பால்மாவு பெற்றவர்களும் விளையாட்டு பெற்றவர்களும் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். நாளாக ஆக பால்மாவின் பலன் மங்கிவிட்டது, விளையாட்டின் பலன் நின்றது. அந்தக் குழந்தைகளை 22 வயதில் தேடிக் கண்டுபிடித்து அளந்தபோது, விளையாட்டு பெற்ற பிரிவினரின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் முதலியோர் 2014இல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதன்பின் நிதியமைச்சகங்களும் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கின.

சிறிய ஆய்வு அது. 129 குழந்தைகளை வைத்து உலகத்துக்கே கொள்கை எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. இதே முறை வங்கதேசம், கொலம்பியா, பெரு, இந்தியா எனப் பல இடங்களில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. முடிவுகள் ஒரே சீராக இல்லை. கொலம்பியாவில் 1,420 குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனையில் திட்டம் முடிந்த கையோடு அறிவிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அது தங்கவில்லை. என் கணிப்பு இது: ஜமைக்காவில் பணியாளர்கள் சிலர், கண்காணிப்பு நெருக்கம். ஒரு நாடு முழுவதற்கும் விரிக்கும்போது அந்த நெருக்கம் நீர்த்துப்போகிறது. செயல்முறையைக் கொண்டுபோக முடிகிறது, அதைத் தாங்கி நின்ற கவனத்தைக் கொண்டுபோக முடிவதில்லை.

இன்னொரு வகைச் சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. அங்கே சௌசெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தார்கள். சோறு உண்டு, கூரை உண்டு. தனக்கென்று ஒரு முகம் இல்லை. 2000க்குப் பின் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புகாரெஸ்டில் 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்கள் தேறினார்கள். குறிப்பாக இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். 'முதல் ஆயிரம் நாள்' என்று இன்று எல்லாத் திட்டங்களிலும் சொல்லப்படுவதற்கு இது ஒரு முக்கிய ஆதாரம். ஆனால் இரண்டு வயதுக்குப் பின் எதுவும் பயனில்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. தாமதமாகப் போனவர்களும் விடுதியிலேயே இருந்தவர்களைவிடப் பல வகைகளில் மேலாக இருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு 'காலம் கடந்துவிட்டதோ' என்று கலங்கும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

'லான்செட்' மருத்துவ இதழ் 2007இல் வெளியிட்ட கட்டுரைத் தொடர், வளரும் நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 20 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் தங்கள் முழு ஆற்றலை அடையாமல் போகிறார்கள் என்றது. 2016இல் வந்த தொடர் அதை 25 கோடியாக, அதாவது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் குழந்தைகளில் 43 சதவீதமாக மதிப்பிட்டது. உலகமெங்கும் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்த எண் குழந்தைகளை நேரில் சோதித்துக் கிடைத்ததல்ல. உயரக் குறைவு, கடும் வறுமை என்ற இரண்டையும் வைத்துப் போட்ட கணக்கு. அதனால் எண் பொய்யாகிவிடாது. ஆனால் குட்டையாக இருக்கும் குழந்தை மந்தமானது என்று ஓர் அதிகாரியோ ஆசிரியரோ முடிவுகட்டிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. அதனால்தான் 24 முதல் 59 மாதக் குழந்தைகளுக்காக 20 கேள்விகள் கொண்ட ஒரு குறியீட்டை யுனிசெஃப் உருவாக்கியது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்டது. இவை ஒரு நாட்டின் குழந்தைகள் மொத்தமாக எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கானவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதற்கு இவற்றை எடுக்கக் கூடாது.

இத்தனையும் சேர்ந்து 2018 மே மாதம், உலக சுகாதாரப் பேரவையின்போது, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை கூட்டாக ஒரு சட்டகத்தை முன்வைத்தன. நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், குறிப்பறிந்த பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் என்ற ஐந்தும் குழந்தைக்கு ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சுகாதாரத் துறை ஒன்றை, சமூகநலத் துறை ஒன்றை, கல்வித் துறை இன்னொன்றை என்று பிரித்துக்கொண்டு குழந்தையைத் துண்டுபோடும் நிர்வாக வழக்கத்துக்கு எதிரான குரல் அது. 2020 வழிகாட்டுதல் அதன் தொடர்ச்சி.

நடுவே 2019இல் வந்த ஒன்றுதான் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோரின் உடலசைவு, உட்கார்ந்திருத்தல், உறக்கம் பற்றிய வழிகாட்டுதல் அது. நகரத் தொடங்காத கைக்குழந்தையை நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விட வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். அதற்கும் குறைந்தால் நல்லது. ஒன்று முதல் நான்கு வயது வரை நாளில் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். இந்தப் பரிந்துரைகள் 'உறுதியானவை' என்று வகைப்படுத்தப்பட்டாலும் அவற்றின் பின்னாலுள்ள சான்றுகளின் தரம் 'மிகக் குறைவு' என்று அந்த ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. பரிந்துரைகள் நல்லவை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே அறையில் சமையலும் படுக்கையுமாக, தெருவில் வண்டிகள் விரையும் குடியிருப்பில், பிள்ளை ஓடியாட 180 நிமிடத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வி நகராட்சியைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டியது. சோறூட்டும்போது கைபேசியைக் காட்டிய தாயைப் பார்த்து மட்டும் அது கேட்கப்படுகிறது.

தாயின் மனநலம் என்ற நான்காவது பரிந்துரைக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். பெற்றவள் ஏன் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று கேட்பவர் குறைவு. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, 'லேடி ஹெல்த் வொர்க்கர்' எனப்படும் கிராமப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து, எளிமையாக்கிய உளவியல் உரையாடலைத் தந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது மனச்சோர்வு அவர்களில் 23 சதவீதத்தினரிடம் இருந்தது. வழக்கமான வீட்டுச் சந்திப்பு மட்டும் கிடைத்த மற்றப் பிரிவில் 53 சதவீதம். குழந்தையின் எடையும் உயரமும் பெரிதாக மாறவில்லை, ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, பெற்றோர் பிள்ளையோடு விளையாடும் நேரமும் கூடியது.

இந்த ஆய்வில் என்னை ஈர்ப்பது அதன் அணுகுமுறை. மனநலம் என்று பெயர் சொல்லி வீட்டுக்குள் நுழைந்தால் கதவு சாத்தப்படும். குழந்தையின் நலனுக்காக வந்திருக்கிறோம் என்றால் மாமியாரும் பக்கத்தில் வந்து உட்காருவார். குடும்பம் முழுவதையும் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் அந்தப் பணியாளர்கள் தாயை அணுகினார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கையேடாகவே வெளியிட்டது. அதே பாகிஸ்தானில், சிந்து மாநிலத்தின் நௌஷஹ்ரோ ஃபெரோஸ் மாவட்டத்தில், ஆயிஷா யூசுஃப்சாய் குழுவினர் இதே வகைப் பணியாளர்களைக் கொண்டு 1,489 தாய்-சேய் இணைகளிடம் விளையாட்டு வழி ஊக்கத்தையும் கூடுதல் ஊட்டத்தையும் சோதித்தார்கள். 2014இல் வெளியான அந்த முடிவிலும் அறிவு, மொழி வளர்ச்சியில் முன்னே நின்றது விளையாட்டுதான்.

இந்த வழிகாட்டுதல்கள் மீது மானுடவியலாளர்களும் பண்பாட்டு உளவியலாளர்களும் ஓர் எதிர்ப்பை வைக்கிறார்கள், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முகத்துக்கு முகம் பார்த்து, இடைவிடாமல் பேசி, ஒரு தாய் ஒரு குழந்தையோடு விளையாடும் காட்சி மேற்கத்திய நடுத்தர வர்க்க வீடுகளுக்கு உரியது, அதை உலகத்தின் அளவுகோலாக்குவது சரியா என்று ஹெய்டி கெல்லர் போன்றோர் கேட்கிறார்கள். ராபர்ட் லெவைன் கென்யாவின் குசி மக்களிடம் செய்த நெடிய ஆய்வில், தாய்மார் கைக்குழந்தையோடு அதிகம் பேசுவதில்லை, ஆனால் எப்போதும் உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அழுதவுடன் அமர்த்துவார்கள் என்று கண்டார். அந்தப் பராமரிப்பைக் குறையுள்ளது என்று ஒரு படிவம் எப்படிச் சொல்ல முடியும்? நம் வீடுகளிலும் பிள்ளையை இடுப்பில் சுமப்பது அக்காவாக இருக்கலாம், தாலாட்டுவது அப்பத்தாவாக இருக்கலாம். 2020 ஆவணம் 'பெற்றோரும் மற்றப் பராமரிப்பாளர்களும்' என்று விரித்தே எழுதியிருக்கிறது. களத்தில் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியல்களில் அந்த 'மற்றவர்கள்' காணாமல் போகிறார்கள். அதே வேளையில், பண்பாடு என்று சொல்லி எல்லாவற்றையும் விட்டுவிடவும் என்னால் முடியாது. ஜமைக்காவிலும் சிந்துவிலும் பலன் பெற்றவர்கள் மேற்கத்திய நடுத்தர வர்க்கத்தினர் இல்லை.

சட்டமாகவே செய்து காட்டிய நாடு சிலி. குழந்தை மருத்துவரான மிச்செல் பாச்லெட் அதிபராக இருந்தபோது 2007இல் தொடங்கிய 'சிலே கிரேசே கோன்டிகோ' திட்டம் 2009இல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பொது மருத்துவமனையில் முதல் கர்ப்பப் பரிசோதனைக்கு வரும் நாளிலிருந்தே பெண் அதில் சேர்ந்துவிடுகிறாள். வீட்டில் வறுமையோ வன்முறையோ மனச்சோர்வோ தெரிந்தால், அதற்கான துறை அவளைத் தேடி வர வேண்டும். ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் தருவதும் அரசின் கடமை. இங்கே 'உதவி' என்பது உபதேசமாக நின்றுவிடவில்லை, நிதி ஒதுக்கீட்டோடு வருகிறது.

இலங்கையில் களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த குடும்பநல மருத்துவிச்சி, பிரசவமான வீட்டுக்கு நேரில் வந்து பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் இந்த உலக ஆவணங்களுக்கெல்லாம் மூத்தது. உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்ற எண்ணம் அதில் அப்போதே இருந்தது. ஆனால் மையத்துக்கு நடந்து வருவது மூன்று வயதைக் கடந்த பிள்ளைதான். அதற்குக் கீழே உள்ளது வீட்டில் இருக்கிறது. 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'நவசேத்னா' சட்டகம் அந்தக் குழந்தைகளுக்காக 36 மாதங்களுக்கு மாதவாரியாக 140 செயல்பாடுகளைத் தருகிறது. 2020 வழிகாட்டுதலோடு ஒத்துப்போகும் நல்ல முயற்சி.

அதை யார் செய்வது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கிராமப்புறத்தில் 400 முதல் 800 பேர் வரை உள்ள மக்கள்தொகைக்கு ஓர் அங்கன்வாடி என்பது விதிமுறை. 800 பேருள்ள ஊரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 15 குழந்தை பிறப்பதாக வைத்துக்கொண்டால் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் 36 பேர். ஜமைக்காவில் பலன் தந்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அப்படியானால் வாரத்துக்கு 36 மணி நேரம், வீட்டுக்கு வீடு நடக்கும் நேரம் சேராமல். அதே பணியாளர்தான் காலையில் மையத்தைத் திறந்து, மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்குப் பாடமும் பாட்டும் நடத்தி, எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, கைபேசிச் செயலியில் விவரம் பதிய வேண்டும். 2018இல் உயர்த்தியபின் ஒன்றிய அரசு இவருக்கென நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் அதற்கு மேல் தருவது இடத்துக்கு இடம் வேறுபடும்.

தாய்க்கும் இதே கணக்கு உண்டு. 2017 திருத்தத்தின்படி 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். களையெடுக்கப் போகிறவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டு வேலை செய்கிறவருக்கும் அது கைக்கெட்டுவதில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் தரும் 18,000 ரூபாய் உதவி அவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அது தவணைகளில் வருகிறது, கூலியோ நாள்தோறும் போகிறது.

வழி இல்லாமல் இல்லை. ஒடிசாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வீடு வீடாகப் போவதற்குப் பதில் தாய்மார்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி வாரந்தோறும் விளையாட்டுச் சந்திப்பு நடத்தியபோதும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி ஏறத்தாழ அதே அளவு மேம்பட்டது, செலவு வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலேயே 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. அதில் ஊருக்கு ஒரு சமூக ஊட்டச்சத்துப் பணியாளர் இருந்தார். 6 முதல் 36 மாதக் குழந்தைகள்தான் அவருடைய முதன்மைப் பொறுப்பு. மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சிலகாலம் கூடுதல் உணவு கொடுத்து, அந்த வீட்டுத் தாயோடு உட்கார்ந்து பேசுவார். கடும் ஊட்டச்சத்துக் குறைவு அந்தப் பகுதிகளில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பின்னர் அந்தத் திட்டம் அங்கன்வாடி அமைப்போடு கலந்தது. அந்தப் பணியாளரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே. அங்கன்வாடிக்கு ஒருவர் கூடுதலாக, வாரம் இரண்டு மூன்று குழுச் சந்திப்பு, மனம் சோர்ந்த தாயைக் கண்டால் வீட்டுக்கே போகும் பயிற்சி, பதிவேட்டு வேலையிலிருந்து விடுதலை, வாழத் தகுந்த ஊதியம். சத்துமாவு வாங்க வரும் நாளிலேயே சந்திப்பை வைத்துக்கொண்டால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு இன்னொரு நாள் நட்டமில்லை. அன்று வர முடியாதவருக்குப் பதில் பாட்டியோ சித்தியோ தகப்பனோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்பதைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.